ட்ரையரில் சத்தம் வந்தால் உடனே ‘மோட்டார் போச்சு’ என்பவர்களிடம் ஜாக்கிரதை

துணி காயவைக்கும் ட்ரையர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

ட்ரையர் ஓடும்போது கீச்சென்று சத்தம் வந்தது. ஆரம்பத்தில் போட்டவுடன் மட்டும் கேட்டு அடங்கிவிடும். போகப் போக, துணி காய்ந்து முடியும்வரை நிற்கவே இல்லை. துணி போடாமல் ஓடவிட்டாலும் அதே சத்தம்தான். சர்வீஸுக்குச் சொன்னோம். வந்தவர் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. கதவைத் திறந்து டிரம்மைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “மோட்டார் போச்சுங்க, இன்னும் ஓட்டினா போர்டும் எரிஞ்சிடும்” என்றார். அப்படிச் சொன்ன பிறகு யார்தான் யோசிப்பார்கள்? பணம் கொடுத்தோம்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்கவிடவில்லை, கரண்ட் சமாச்சாரம் என்றார். கழற்றிய மோட்டாரைக் காட்டச் சொன்னால், அதைத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். பில்லில் ‘மோட்டார் மாற்றியது’ என்று ஒரு வரி. பார்ட் நம்பரும் இல்லை, வாரண்டியும் இல்லை.

சில நாள் சத்தம் இல்லை. அப்புறம் பழையபடி கீச்சிட ஆரம்பித்தது, கூடவே எண்ணெய் கருகுகிற வாடை. போன் செய்தால், “அது வேற பிரச்சினை, விசிட் சார்ஜ் தனி” என்று பதில்.

வேறு மெக்கானிக்கை அழைத்தோம். அவர் எங்கள் கண்முன்னே பிரித்தார். மோட்டார் மேலும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் மேலும் பஞ்சுத்தூசி கம்பளி போர்த்தியதுபோல் அப்பிக் கிடந்தது. புதிதாக மாட்டிய மோட்டாரில் அவ்வளவு தூசி எப்படி வரும்? அதை யாரும் தொடவே இல்லை. டிரம்மின் பின்பக்கத்தைத் தாங்கும் சின்ன ரோலர்களில் ஒன்று ஒரு பக்கமாகத் தேய்ந்து, அச்சில் லொடலொடவென்று ஆடியது. அதன்மேல் எண்ணெய் அடித்திருக்கிறார்கள். சத்தம் சில நாள் அடங்கியது அதனால்தான். அந்த எண்ணெயில் பஞ்சு ஒட்டிக் கறுத்த பசையாகிக் கிடந்தது. சூடு வரும் இடத்தில் எண்ணெயும் பஞ்சும் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம். பணம் போனதைவிட எனக்குக் கோபம் இதில்தான்.

அவர் செய்த சோதனை எளிமையானது. மோட்டாரிலிருந்து டிரம்மைச் சுற்றவைக்கும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு டிரம்மை மட்டும் கையால் சுற்றினார். மோட்டார் அசையவே இல்லை, ஆனாலும் கீச்சென்றது. ரோலர்களையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கப்பியையும், பெல்ட்டையும் சேர்த்தே மாற்றினார். மறுபடி பிரிக்கும் கூலி மிச்சம் என்றார், அது நியாயம்தான். இப்போது சத்தமே இல்லை.

டிரம் சுற்றச் சுற்ற ஒரே தாளத்தில் ‘தொம் தொம்’ என்றால் பெரும்பாலும் ரோலர் தேய்ந்திருக்கும். உலோகம் உரசுகிற சத்தம் என்றால் முன்பக்கம் டிரம் வழுக்கி ஓடும் பட்டை தேய்ந்திருக்கலாம், அல்லது நாணயமோ உள்ளாடைக் கம்பியோ டிரம் விளிம்பில் சிக்கியிருக்கலாம். மோட்டார் ஓடுகிறது, டிரம் சுற்றவில்லை என்றால் முதலில் பெல்ட்டைத்தான் பார்க்க வேண்டும். ‘ம்ம்ம்’ என்று உறுமிவிட்டு எதுவுமே சுற்றாவிட்டால் மோட்டாரைச் சந்தேகப்படலாம். அப்போதும்கூட, காற்றை வெளியே தள்ளும் விசிறியில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அதனால் பிரித்துப் பார்க்காமல் மோட்டார் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பெல்ட்டைக் கழற்றி டிரம்மைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றுகிற பார்ட் நம் கைக்கு வர வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். பில்லில் பார்ட் நம்பர் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். சர்வீஸுக்கு ஆள் வந்துபோன பிறகு எண்ணெய் வாடையோ கருகல் வாடையோ வந்தால் ட்ரையரை நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உள்ளே பிரித்துப் பார்க்கும்வரை திரும்பப் போட வேண்டாம்.

முதலில் வந்தவர்களுக்குப் படங்களோடு எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.