வெறும் ரோட் பைக்கா, மட்காட் கரியரோடா?

8 கிலோ ரோட் பைக்குக்கு (மெல்லிய டயர் போட்ட வேகச் சைக்கிள்) மட்காட் அரைக் கிலோ, கரியர் 600 கிராம், லைட்டுகள் 200. நல்ல இரும்புப் பூட்டு மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல். தண்ணிப் போத்தலையும் நிரப்பினால் 11 கிலோவைத் தாண்டும்.

வெறும் சைக்கிளின் சுகம் திருகோணமலையில் கோணேசர் கோயில் ஏற்றத்தில் தெரியும். நிலாவெளி ரோட்டு தட்டை. அங்கே ஆளை இழுத்துப் பிடிப்பது எதிர்க்காற்றுத்தான், மூன்று கிலோ அல்ல. மாரியில் மட்காட் இல்லாவிட்டால் பின்சில்லு வெள்ளைச் சேட்டில் பிடரிவரை சேற்றுக்கோடு கீறிவிடும். வேலைக்குப் போகிறவருக்கு என் வாக்கு மட்காட்டுக்கே. பல ரோட் பைக்குகளில் அதைப் பூட்ட ஓட்டையே இராது; கொளுவிக் கழற்றும் பிளாஸ்டிக் மட்காட் போதும், பாரமும் குறைவு. பூட்டைக் கந்தோரிலேயே விட்டுவிடுங்கள்.