அன்ட்ரேசபிளா, கேட்ஸா? எதைப் பார்க்கலாம்?

இணையத்தில் கொலையை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்க்கிறவனைத் துரத்துகிற கதை என்றால் என் கணக்கில் இரண்டுதான் தேறும். ஒன்று 2008-இல் வந்த 'அன்ட்ரேசபிள்' படம். இன்னொன்று 2019 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த மூன்று பாக ஆவணத் தொடர், 'டோன்ட் எஃப்க் வித் கேட்ஸ்'. பெயர் கொஞ்சம் அப்படி இப்படித்தான், இனி 'கேட்ஸ்' என்றே சொல்கிறேன். 2002-இன் 'ஃபியர் டாட் காம்' பேய்ப் படம், அதை விட்டுவிடலாம்.

இரண்டிலும் முதலில் சாவது பூனைக்குட்டிதான். ஆச்சரியம் என்னவென்றால் படம் முந்திக்கொண்டது, 'கேட்ஸ்' தொடரில் துரத்தப்படும் கொலைகாரனான லூக்கா மக்னோட்டா நிஜத்தில் பூனைக்குட்டிகளைக் கொன்று வீடியோ போட்டது 2010-இல்.

படத்தின் ஐடியா அபாரம். போர்ட்லாந்தில் எஃப்.பி.ஐ. சைபர் பிரிவு ஏஜென்டாக டயான் லேன். கொலைகாரன் நடத்தும் தளத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்களோ அத்தனை வேகமாக ஆள் சாவான், அதாவது 'யாரும் பார்க்காதீர்கள்' என்று போலீஸ் அறிவித்தால் அதுவே விளம்பரம். ஆனால் இவ்வளவு நல்ல முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு படம் துப்பறிவதில் கோட்டைவிடுகிறது. தளத்தை ஏன் மூட முடியவில்லை என்பதற்கு ஒரே மூச்சில் டெக்னிக்கல் வசனம், அப்புறம் கடைசியில் வழக்கமான கட்டிப் போடுதல், சண்டை, துப்பாக்கி. வேடிக்கை பார்ப்பது பாவம் என்று நமக்குப் பாடம் எடுத்துக்கொண்டே சித்திரவதையை க்ளோசப்பில் காட்டுவது வேறு எரிச்சல்.

'கேட்ஸ்' இங்கேதான் ஜெயிக்கிறது. அதில் துரத்துகிறவர்கள் பேஸ்புக் குழுவில் சேர்ந்த சாதாரண ஆட்கள். வீடியோவில் தெரியும் வாக்குவம் கிளீனர் எந்த நாட்டில் விற்பது, போர்வை எங்கே கிடைக்கும், புகைப்படத்தின் பின்னால் இருக்கும் தெரு கூகுள் மேப்பில் எங்கே என்று சட்டகம் சட்டகமாகப் பிரித்து டொராண்டோ வரை போய்விடுகிறார்கள். பூனைகள் சாவதைத் திரையில் காட்டுவதில்லை. பார்த்தவர்களின் முகத்தைக் காட்டுகிறார்கள், அதுவே போதும் போதும் என்றாகிவிடுகிறது. இதே கூட்டம் தப்பான ஒருவரைக் குறிவைத்ததையும், அவர் பிறகு தற்கொலை செய்துகொண்டதையும் தொடர் மறைக்கவில்லை. எச்சரிக்கையைப் போலீஸ் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க, 2012 மே மாதம் மாண்ட்ரியலில் ஒரு மாணவர் கொல்லப்படுகிறார். ஜூனில் பெர்லினில் ஒரு இன்டர்நெட் கஃபேயில் தன்னைப் பற்றிய செய்தியைப் படித்துக்கொண்டிருந்தபோது மக்னோட்டா சிக்கியதைச் சினிமாவில் வைத்திருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

தொடரிலும் குறை உண்டு. புகழுக்காகவே கொன்றவனுக்கு மூன்று மணி நேரம் மேடை போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசி நிமிடத்தில் 'நீங்களும் உடந்தைதானே' என்று நம்மைப் பார்த்துக் கேட்பது அநியாயம். எடுத்தவர்கள் அதை முதலில் தங்களைக் கேட்டிருக்கலாம்.

ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் யோசிக்காமல் 'கேட்ஸ்'. டயான் லேனுக்காகப் படத்தையும் பார்ப்பேன் என்றால் சரி, முதல் முக்கால் மணி நேரம் தாராளமாகப் போகும்.