டர்க்கி டவலில் படிந்த சோப்பு: வினிகரா, சலவை சோடாவா?

காட்பாடியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் உப்பு அதிகம். கொடியில் காய்ந்த டர்க்கி டவல் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். தலை துவட்டினால் ஈரத்தை இழுக்காது. தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நூலில் படிவதுதான் காரணம். எதைப் போடுவது என்று அண்ணி கேட்டார். இரண்டையும் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

வினிகர்: அமிலம், சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும்.
சோடா: காரம், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும்.

வினிகர்: கடைசி அலசலில் அரை கப் வெள்ளை வினிகர், அவ்வளவுதான். புளித்த வாடை காய்ந்ததும் போய்விடும்.
சோடா: வெந்நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, அப்புறம் வழவழப்பு போகும்வரை அலச வேண்டும். கை எரியும், கையுறை அவசியம்.

செலவில் சோடாதான் மலிவு.

வினிகரை அடிக்கடி ஊற்றினால் மெஷினின் ரப்பர் கெடலாம். மாதம் ஒரு முறை போதும். பிளீச்சோடு மட்டும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். சோடாவோடு கலந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று முறித்து வீணாகும்.

டவல் வெறுமனே விறைப்பாக இருந்தால் வினிகர். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு துவட்டிய டவல் நாறினால் சோடா. அண்ணி வீட்டு டவலை முகர்ந்து பார்த்தேன், சோடாவையே சொன்னேன். சோப்புத்தூளையும் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.