கடற்பாசி மாதிரி: அனுப்பிவைப்பதா, கூடவே போவதா?

மண்டபம், பாம்பன் பக்கம் கட்டக்கோரையும் மரிக்கொழுந்துப் பாசியும் சேகரிக்கும் ஆய்வு மாணவர்களுக்கு மாதிரிக்குப் பஞ்சமில்லை. சேர்மங்களின் மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குத்தான் பஞ்சம். விலை அப்படி. அதனால் மதுரையிலோ சென்னையிலோ ஒரு பல்கலைக்கழகப் பொதுக் கருவிக்கூடத்தை நாடித்தான் ஆக வேண்டும். மாதிரியைக் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாமா, நாமே எடுத்துக்கொண்டு போகலாமா என்பதுதான் கேள்வி.

கொழுப்பு அமிலங்கள் மட்டும் தெரிந்தால் போதுமென்றால், மாதிரியை ஆவியாக்கிப் பிரித்து எடைபோடும் ஜிசி-எம்எஸ் கருவிக்குத் தயங்காமல் அனுப்பலாம். அங்கே எலக்ட்ரான் மோதல் வழக்கமாக 70 எலக்ட்ரான் வோல்ட்டில்தான் நடக்கிறது. மூலக்கூறு உடையும் விதமும் கூடத்துக்குக் கூடம் பெரிதாக மாறுவதில்லை. மெத்தில் எஸ்டராக மாற்றிய பால்மிட்டிக் அமிலம் எந்த ஊரிலும் வரைபடத்தில் நிறை 74-இல்தான் நெடிய உச்சத்தைக் காட்டும். பக்கத்தில் நின்று பார்க்க நமக்கு வேலையில்லை; பஸ் கட்டணம்தான் வீண். உச்சங்களை ஒப்பிட்டுக் கணினி நூலகம் தரும் பெயர்ப்பட்டியலை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். பாசியில் இருக்கவே வழியில்லாத செயற்கை மருந்துகளும் அதில் எட்டிப்பார்க்கும்.

மாதிரியைத் திரவத்தில் ஓடவிட்டுப் பிரிக்கும் எல்சி-எம்எஸ் என்றால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். காரணம் உப்பு. பாசியை நன்னீரில் எத்தனை முறை அலசினாலும் சாற்றில் சோடியம் ஒட்டிக்கொண்டே வரும். கருவியின் தெளிப்பு முனையில் அது வெள்ளையாகப் படியும். நாம் தேடும் சேர்மத்தின் சமிக்ஞையையும் அமுக்கிவிடும். சேர்மத்தில் புரோட்டான் ஏறிய அயனியின் உச்சத்துக்கு நிறையில் 22 அலகு தள்ளி இன்னோர் உச்சம் எழுந்தால், அது பெரும்பாலும் அதே சேர்மம் சோடியத்தோடு நிற்பதுதான். புதுச் சேர்மம் என்று துள்ள வேண்டியதில்லை. 44 அலகு இடைவெளியில் ஏணிப்படி போல உச்சங்கள் வரிசையாக வந்தால், குப்பி கழுவிய சோப்பைச் சந்தேகிக்கலாம். இவற்றை ஆபரேட்டர் அருகில் உட்கார்ந்து பார்த்தால், உப்பை விட்டுச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்ளும் சி-18 குழாயில் சாற்றை ஏற்றி, நீரால் உப்பைக் கழுவி, மெத்தனாலால் இறக்கி மறுபடி செலுத்திப் பார்க்கலாம். அனுப்பிய மாதிரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. பழுதான முடிவு மின்னஞ்சலில் வரும். அடுத்த முறைக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

தனியார் ஆய்வகம் மூன்றாவது வழி. கட்டணம் கூடுதல், காத்திருப்பு குறைவு. ஆய்வேடு ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டவர்களுக்கு அது சரி. ஆனால் படமாக அச்சிட்ட அறிக்கையோடு மூலத் தரவுக் கோப்பும் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். படத்தை வைத்துக்கொண்டு எந்த உச்சத்தையும் பெரிதாக்கிப் பார்க்க முடியாது.