யானைப் பற்பசையா, செம்பருத்திச் சாறா?

வகுப்பில் எந்த அறிவியல் சோதனையைச் செய்வது? வகுப்பே கத்த வேண்டுமென்றால், பாட்டிலிலிருந்து நுரை பொங்கி வழியும் யானைப் பற்பசைதான். மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 100 மில்லியைக் குறுகிய வாய் பாட்டிலில் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி சேருங்கள். ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட்டை மூன்று மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்துச் சட்டென்று கவிழ்க்க வேண்டும். ஈஸ்ட்டின் கேட்டலேஸ் நொதி பெராக்சைடை உடைக்க, ஏறக்குறைய 2 லிட்டர் ஆக்சிஜன் நுரைக்குள் சிக்கிப் பொங்கும். பாட்டிலைத் தொட்டால் சூடு தெரியும்.

சொதப்புவது பெரும்பாலும் ஈஸ்ட்தான். மதுரை வெயிலில் திறந்து கிடந்த பாக்கெட் செத்திருக்கும். முதல் நாளே சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரைக்காவிட்டால் புதிது வாங்குங்கள். உயரம் போதவில்லை என்று 30 சதவீதத்துக்குத் தாவாதீர்கள், தோல் வெந்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி 6 சதவீதத்துக்கும் வேண்டும்.

அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் செம்பருத்திச் சாற்றில் சத்தமில்லை. ஐந்து சிவப்புப் பூக்களின் இதழ்களை 200 மில்லி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால் போதும்: எலுமிச்சைக்கு இளஞ்சிவப்பு, ஆப்பசோடாவுக்குப் பச்சை. போர் தண்ணீர் காரத்தன்மை உள்ளதாக இருந்தால் சாறு ஆரம்பத்திலேயே நிறம் மாறிவிடும். கேன் தண்ணீர் எடுங்கள். நாற்பது பிள்ளைகளும் தங்கள் கையாலேயே செய்யலாம் என்பதால் சாதாரண வகுப்புக்கு எங்கள் ஓட்டு இதற்கே. நுரையை ஆண்டுவிழாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.