கறுப்பு நேர்த்தையல் மிஷின்: வீட்டில் தைக்கும் ஆண்களுக்குச் சரிப்படுமா?

சட்டை, பேண்ட் தைக்கும் கடைகளில் மிஷின் மிதிப்பவர் பெரும்பாலும் ஆண்தான். அங்கே அவர் மாஸ்டர். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆசைக்குத் தைத்தால் மட்டும் கேலி. கேலியை விடுங்கள், மிஷினைப் பார்ப்போம்.

உஷா, சிங்கர் தொடங்கி உள்ளூர்ப் பெயர்கள் வரை, காலால் மிதிக்கும் கறுப்பு மிஷின்களில் பெரும்பாலானவை சிங்கரின் 15ஆம் வகையின் வழிவந்தவை. அதனால் பாபின் (அடிநூல் சுற்றும் சிறு உருளை), அதை வைக்கும் பாபின் கேஸ், ஊசி எல்லாம் எந்தச் சிற்றூரின் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். பல டிசைன் போடும் பிளாஸ்டிக் மிஷின்களின் எல்லா உதிரிகளும் இப்படி எளிதில் கிடைப்பதில்லை.

கறுப்பு மிஷினின் உண்மையான பலம், ஊசி இறங்கும் துளையுள்ள ஊசித்தட்டில் இருக்கிறது. ஜிக்ஜாக் மிஷினில் ஊசி இடம் வலமாக ஆட வேண்டும் என்பதால் துளை அகலமாக இருக்கும். வேட்டி போன்ற மெல்லிய துணியின் ஓரத்தை அது உள்ளே இழுத்துவிடும். இதில் சிறிய வட்டத்துளை ஒன்றுதான். காலர் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அடிக்கும் தையலும் கோணாமல் போகும். சட்டைக்கு 14ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு 12 தையல் போதும். ஜீன்ஸ் அடி மடிக்க 16 அல்லது 18ஆம் நம்பர் ஊசி. பக்கத் தையல் குறுக்கிடும் இடத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, மிதிக்காமல் கைச்சக்கரத்தைச் சுற்றியே கடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி வளையும், உடையும்.

பெரும்பாலான புகார்கள் மிஷினால் வருவதில்லை. துணிக்கு அடியில் நூல் கொசகொசவென்று சிக்கினால் எல்லோரும் பாபினைத் திட்டுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் மேல்நூல்: நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்கார்ந்திருக்காது. துணியை அழுத்தும் மிஷின் காலைத் தூக்கி வைத்து மறுபடி நூல் கோர்த்தால் தீரும். அதன் பிறகும் சரியாகாவிட்டால்தான் டென்ஷன் திருகைத் தொட வேண்டும், அதுவும் கால்வாசிச் சுற்றுதான். தொடக்கத்தில் இரண்டு நூல் நுனியையும் மூன்று நான்கு தையல் வரை பின்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கரம் பின்பக்கம் சுற்றினாலும் சிக்கும். புதிதாக மிதிப்பவர் துணி வைக்காமல், நூல் கோர்க்காமல், கால் மணி நேரம் ஒரே திசையில் மிதித்துப் பழகுவது நல்லது.

தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியைப் பாருங்கள். கடைக்காரர் கம்பெனிகளில் ஓடும் பவர் மிஷினுக்கான உருண்டைக் காம்பு ஊசியைக் கொடுத்திருக்கலாம். இதற்கு வேண்டியது ஒரு பக்கம் தட்டையான காம்பு. எண்ணெய் விஷயத்தில் வீட்டுப் புத்தி வேண்டாம்: தேங்காய் எண்ணெய் பிசினாகி, பாபின் கேஸைச் சுற்றி ஆடும் ஷட்டிலைப் பிடித்துக்கொள்ளும். மிஷின் எண்ணெய் ஒவ்வொரு துளைக்கும் ஓரிரு சொட்டு, பிறகு கழிவுத்துணியில் கொஞ்சம் தைத்துத் துடைத்துவிட்டால் சட்டையில் கறை விழாது.

குறைகளும் உண்டு. ஓரம் பிரிவதைத் தடுக்க ஜிக்ஜாக் இல்லை. சட்டைப் பக்கங்களை உள்மடிப்பாக மடித்து இரட்டைத் தையல் போட்டுச் சமாளிக்கலாம், பார்க்கவும் அழகு. டி-ஷர்ட் துணிக்கு இது சரிவராது. துணி இழுபடும், நேர்த்தையல் அறுந்துவிடும். காஜாவும் (பட்டன் துளை) எடுக்காது, கையால் எடுக்கப் பொறுமை இல்லாதவர்கள் காஜா கடையில் கொடுத்துவிடலாம்.

உயரமானவர்கள் ஸ்டாண்டில் கவனம் வைக்கவும். வாங்கும் முன் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் மிதிபலகையில் முழுதாக வைத்துப் பாருங்கள். முழங்கால் மேல் பலகையில் இடித்தால் அரை மணி நேரத்தில் இடுப்பு பிடிக்கும். மெல்லிய தகர ஸ்டாண்டு வேகத்தில் ஆடும், வார்ப்பிரும்பே மேல். தோல் பெல்ட் நாளடைவில் தளர்ந்து வழுக்கினால் அரை அங்குலம் வெட்டி மறுபடி கொக்கி போடலாம். மோட்டாரை முதல் சட்டை முடியும் வரை மாட்ட வேண்டாம். காலர் வளைவில் அதன் வேகம் உங்கள் கைக்கு அடங்காது.