குமிழில் பற்றும் அடுப்பா, லைற்றரால் பற்றவைப்பதா?

கடையில் முதலில் காட்டுவது குமிழைத் திருப்பினால் தானாகப் பற்றும் காஸ் அடுப்பைத்தான். எங்கள் குசினிக்கு நான் எடுத்தது லைற்றரால் பற்றவைக்கும் சாதாரண அடுப்பு. விலையும் பளபளப்பும் அல்ல, பொறி முனையின் பராமரிப்புத்தான் காரணம்.

தானாகப் பற்றும் அடுப்பில் பேர்னருக்கு அருகே வெள்ளைப் பீங்கான் குச்சி ஒன்று நிற்கும். அதன் கம்பி முனையிலிருந்து 3 முதல் 5 மில்லிமீற்றர் தாண்டிப் பொறி பாயவேண்டும். கஞ்சி பொங்கி வழிந்து காய்ந்தாலோ, கழுவிய ஈரம் நின்றாலோ பொறி பேர்னருக்குப் போகாது, பக்கத்து உலோகத்துக்கு ஒழுகிவிடும். கோடையில் செம்மண் புழுதி எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டினாலும் இதே கதி. சிலிண்டரை மூடிவிட்டு, இருட்டில் குமிழைத் திருப்பிப் பாருங்கள். பீங்கானின் அடியில் பொறி தெரிந்தால் பீங்கானில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். முனையில் பொறி மங்கலாக வந்தால் பழைய பிறஸ்ஸால் தேய்த்துக் காயவிட்டாலே போதும். பற்றரி மாடலில் 'டிக் டிக்' மெதுவானால் பற்றரி இறங்கிவிட்டது.

இதில் ஆபத்து எங்கே என்றால், பற்றாத அடுப்பை விடாமல் திருப்பும்போது காஸும் சேர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. லைற்றரிலோ நெருப்புக்குச்சியிலோ முதலில் நெருப்பு, பிறகு காஸ் என்ற ஒழுங்கு கையிலேயே இருக்கிறது. மூன்று நான்கு வினாடிக்குள் பற்றாவிட்டால் உடனே மூடுங்கள்.

சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு படுத்திருக்கும். ஜன்னலைத் திறந்தால் போதாது, கதவையும் அகலத் திறந்து 5 நிமிடமாவது விடவேண்டும். மணம் வந்தால் ரெகுலேற்றரை மூடுங்கள், சுவிச்சில் கை வைக்காதீர்கள். மணம் முழுவதும் போனபிறகுதான் மறுபடி பற்றவைக்கலாம்.

உணவகங்களில் உள்ள பைலட் சுடர் அடுப்பில் எப்போதும் எரியும் ஒரு சிறு சுடர்தான் பேர்னரைப் பற்றவைக்கும். அது அணைந்தால் மறுபடி பற்றவைக்கவும் அதே 5 நிமிடக் காத்திருப்புத்தான். சுடர் பற்றியபின் குமிழை 30 வினாடியளவு அழுத்திப் பிடிக்கவேண்டும். விட்டதும் அணைந்தால் சுடரில் படும் வெப்ப உணரியின் முனையில் கரி பிடித்திருக்கலாம், அல்லது அது சுடரை விட்டு விலகியிருக்கலாம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. சோளகம் நேரே வீசும் அரைச்சுவர்க் குசினியில், சுடர் அணைந்ததும் காஸைத் தானே அடைக்கும் பாதுகாப்பு வால்வு உள்ள அடுப்பே மேல். லைற்றர் அடுப்பில் அது பெரும்பாலும் இராது. அப்படிப்பட்ட இடத்தில் லைற்றர் அடுப்பை வைப்பதென்றால் காற்று வரும் பக்கம் தகர மறைப்பு நிறுத்தவேண்டும். ஆனால் கீழ்ப்பக்கத்தை அடைத்துவிடாதீர்கள், கசிந்த காஸ் வெளியேற அதுதான் வழி.